கிம்பர்லைட்டும் கார்பனடைட்டும்: எவ்வளவு நெருங்கிய சொந்தம்?

கிம்பர்லைட், கார்பனடைட் இரண்டும் உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டான பாறைகள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் மிகுந்த கார்பனடைட் சட்டென்று நுரைக்கும். கிம்பர்லைட்டும் பல சமயம் நுரைக்கும், அதிலும் கால்சைட் உண்டு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கார்பனடைட்டில் பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்கள். சிலிக்கா 20 சதவீதத்துக்கும் குறைவு. கிம்பர்லைட்டில் சிலிக்கா சுமார் 25–35 சதவீதம். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் ஏராளம் என்பதால் நிக்கலும் குரோமியமும் அதிகம். லேசான அருமண் தனிமங்கள் (லந்தனம், சீரியம் போன்றவை) இரண்டிலும் செறிந்திருக்கும், கார்பனடைட்டில் பெரும்பாலும் இன்னும் கூடுதலாக.

சரி, சொந்தம்தானா? பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறையான பெரிடோடைட்டை, கார்பன் டை ஆக்சைடு கலந்து உயர் அழுத்தத்தில் உருக்கிய சோதனைகளில், துளியளவு உருகும்போது கார்பனடைட் போன்ற குழம்பு வருகிறது. உருகல் கூடக்கூட அது கிம்பர்லைட்டை நோக்கி நகர்கிறது. ஆழத்தில் இவை ஒரே கோட்டின் இரு முனைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எல்லாக் கார்பனடைட்டும் அப்படிப் பிறந்ததல்ல. தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலையில், நெஃபலினைட் என்ற சிலிக்கா குறைந்த பாறையின் குழம்பிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் போலக் கார்பனேட் குழம்பு பிரிந்ததாகவே பலர் கருதுகிறார்கள். அங்கே வழியும் கரிய லாவா, ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். கிம்பர்லைட் அந்த வேடிக்கையெல்லாம் காட்டாது. சில சமயம் அது வைரத்தைச் சுமந்துகொண்டு வரும்.