ஓஎம்ஆர் இன்டர்ன்ஷிப்: வேலை பிடித்தது, ஆஃபர் லெட்டர் இடித்தது

கம்பெனி பெயர் வேண்டாம். சோழிங்கநல்லூர் பக்கம் பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் நடுத்தர நிறுவனம். கடைசி செமஸ்டர் முழுக்க அங்கேதான் இன்டர்ன்ஷிப். முடிகிற வாரத்தில் பிபிஓ, அதாவது இன்டர்ன்ஷிப் செய்த இடத்திலேயே வேலைக்கான ஆஃபர் வந்தது.

சும்மா உட்கார வைக்கும் இடமில்லை. வந்ததுமே நிஜமான டிக்கெட் (சரிசெய்ய வேண்டிய கோளாறு) ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பில்லில் ஜிஎஸ்டி சில பைசா இடித்தது. மென்டர் அக்கா விடையைச் சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து லாக்கை (சாஃப்ட்வேர் தானே எழுதி வைக்கும் பதிவை) வரி வரியாகப் படிக்க வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் வரியை ரவுண்ட் செய்து கூட்டினால் ஒரு தொகை, மொத்தத்தைக் கடைசியில் ரவுண்ட் செய்தால் வேறொரு தொகை. கல்லூரியில் இதை யார் சொல்லித் தந்தார்கள்? ஸ்டைபெண்டும் தேதி தவறாமல் வந்தது. கேன்டீன் சுமார்தான். மெட்ரோ வேலை நடக்கும் ரோடு என்பதால் தங்குகிற பிஜியை நடக்கிற தூரத்தில் பாருங்கள்.

ஆஃபர், 6 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. அப்பா பன்னிரண்டால் வகுத்து "மாசம் அம்பதாயிரம்!" என்று சந்தோஷப்பட்டார். அந்தத் தொகையில் எது எவ்வளவு என்ற பிரேக்கப்பைக் கேட்டு வாங்கினேன். வேலையைப் பார்த்துத் தரும் வேரியபிள் 60,000, ஒரே தடவை வரும் ஜாயினிங் போனஸ் 50,000, கம்பெனி கட்டும் பிஎஃப் 36,000, ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டி 14,430, எல்லாம் அந்த ஆறுக்குள் அடக்கம். என் பங்கு பிஎஃப் 3,000 போக, மாதம் கைக்கு 33,000 சொச்சம்.

அப்புறம் பாண்ட். இரண்டு வருடத்துக்குள் கிளம்பினால் 2 லட்சம் கட்ட வேண்டும். "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது, போட்டுடு" என்றார் சீனியர் அண்ணன். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி 2 லட்சம் பாண்டைச் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, நம் கதை வேறாக இருக்கலாம். ஆனாலும் 'நிற்காது' என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட எனக்குத் தைரியமில்லை.

எச்ஆரிடம் இரண்டு கேட்டேன்: பாண்டை ஒரு வருடமாக்குங்கள், அதே டீமில்தான் போடுவோம் என்று எழுதித் தாருங்கள். முதலாவதற்கு 'பாலிசி' என்ற பதில். இரண்டாவது மெயிலில் வந்தது. கேம்பஸில் கிடைத்த இன்னொரு ஆஃபரில் சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் எந்த டீம், எந்த ஊர் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். அதனால் இங்கேயே சரி என்றேன்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஐந்துக்கு நாலரை. ஆஃபர் லெட்டருக்கு இரண்டரை. பிரேக்கப்பைக் கேட்காமலே கொடுத்திருந்தால் மூன்று போட்டிருப்பேன்.