ஒரிஜினலா, கம்பேட்டிபிளா? ஹெட் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை. மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் எடுப்பதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கணக்கு. கூடவே வந்த கார்ட்ரிட்ஜ் தீர்ந்து (பல மாடல்களில் அது குறைவாக நிரப்பிய ஸ்டார்ட்டர், சீக்கிரமே தீரும்) புதிதாக வாங்கப் போகும்போதுதான் விலை உறைக்கும். பக்கத்திலேயே அதே வடிவத்தில், கால்வாசி விலையில் இன்னொன்று இருக்கும். எதை எடுப்பது?

"ஒரிஜினல்தான் பாதுகாப்பு" என்பதும் பாதி உண்மை. "எல்லாம் ஒரே மைதான், பெயருக்குத்தான் காசு" என்பதும் பாதி உண்மை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கையைக் கறுப்பாக்கிக்கொண்டு நான் கற்றது இது: எளிதில் கெடக்கூடிய, விலை கூடிய பாகம் உங்கள் மெஷினில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில். அது கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தால், மலிவுச் சரக்கு சொதப்பினாலும் போவது கார்ட்ரிட்ஜோடு போகும். பிரிண்டருக்குள் இருந்தால் மெஷினையே பணயம் வைக்கிறீர்கள்.

வெளிச் சரக்கில் நாலு சாதி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பேட்டிபிள் என்பது வேறொரு தொழிற்சாலை புதிதாக வார்த்த கூடு, புதிய மை. ரீமானுஃபாக்சர்டு என்பது தீர்ந்துபோன ஒரிஜினலைப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மறுபடி நிரப்பியது. ரீஃபில் என்பது துளை போட்டோ மூடியைத் திறந்தோ மையை மட்டும் ஊற்றுவது. லேசரில் பொடி ஒட்டும் உருளையான டிரம், மிச்சப் பொடியை வழிக்கும் பிளேடு எல்லாம் பழையது அப்படியே இருக்கும். நாலாவது, ஒரிஜினல் பெட்டியில் ஒரிஜினல் விலைக்கே வரும் போலி. மற்ற மூன்றும் தான் யார் என்று சொல்லிக்கொண்டு வருகின்றன. நாலாவதுதான் ஏமாற்று. ஒரிஜினல் என்று வாங்கிச் சூடுபட்டவர்களில் சிலர் உண்மையில் இதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

இங்க்ஜெட்: கொதிக்க வைப்பதும் பிதுக்குவதும்

எச்பி, கேனான் இரண்டும் பெரும்பாலும் சூட்டை வைத்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு நுண்துளைக்குப் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர். அது கண நேரத்தில் மையைக் கொதிக்க வைக்க, எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். எப்சனும் பிரதரும் பீசோ முறைக்காரர்கள். மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு படிகம் மையைப் பிதுக்கித் தள்ளும். இதில் சூடு இல்லை.

இந்த நுண்துளைகள் இருக்கும், மையைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட். சூட்டு முறையில் அது சீக்கிரம் தேயும். அதனால் கறுப்பு ஒன்று, மூவண்ணம் ஒன்று என்று இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன பிரிண்டர்களில் ஹெட்டைக் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டிவிட்டார்கள். கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்புப் புள்ளிகளும் மெல்லிய உலோகத் தகடும் தெரிந்தால் அதுதான் ஹெட். இந்த வகை மெஷினில் வெளிச் சரக்கைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். வெளியே கிடைப்பது அநேகமாக ரீமானுஃபாக்சர்டுதான், ஏனென்றால் ஹெட்டைப் புதிதாகச் செய்வது எளிதல்ல. ஆக, ஏற்கெனவே ஓடிக் களைத்த ஹெட் உங்களுக்கு வருகிறது. ஒன்று நன்றாக ஓடும், அடுத்தது பாதியில் கோடு போடும். கோடு போட்டால் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் போடலாம், பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது.

ரீஃபில் செய்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். சூட்டு முறை ஹெட்டுக்கு மைதான் குளிரூட்டியும்கூட. "இன்னும் நாலு பக்கம் வரும்" என்று வற்ற வற்ற அடித்தால், மை இல்லாத ஹீட்டர் எரிந்துபோகும். பிறகு எவ்வளவு நல்ல மையை ஊற்றினாலும் அந்தத் துளை எழாது. உள்ளே பஞ்சு காய்வதற்கு முன் நிரப்புவதுதான் ரீஃபிலின் பாதி வித்தை.

பீசோவில் கதை தலைகீழ். ஹெட் நெடுநாள் உழைக்கும், அதனால் பிரிண்டரிலேயே நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். கார்ட்ரிட்ஜ் வெறும் மைப்பெட்டி. முடியைவிட மெல்லிய அந்தத் துளைகளில் ஒரு மோசமான மை உறைந்தால், ஹெட் மாற்றும் செலவு பல நேரம் புது மெஷின் விலையை நெருங்கும். இங்கேதான் நான் ஒரிஜினல் பக்கம் சாய்கிறேன். வெளி மை போட்டே தீர்வது என்றால், டையா பிக்மென்ட்டா என்பதையாவது பார்த்து வாங்குங்கள். டை என்பது நீரில் முழுக்கக் கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது மிதக்கும் நுண்துகள். டைக்காக வடிவமைத்த ஹெட்டில் பிக்மென்ட்டை ஊற்றினால் அடைப்பை நீங்களே விலை கொடுத்து வாங்கியதாக அர்த்தம். மாற்றி ஊற்றினால் அடைப்பு வராமல் போகலாம். ஆனால் தண்ணீர் பட்டதும் எழுத்து கரைந்து ஓடும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் அடிக்காமல் விட்டால் ஒரிஜினல் மையும் காயும். அதை எடுக்க ஹெட் கிளீனிங் ஓட்டினால், நல்ல மை நேராகக் கழிவுப் பஞ்சுக்குப் போகும். எப்போதாவது நாலு பக்கம் அடிப்பவர் வாங்கும் மையில் கணிசமான பங்கு காகிதத்தையே பார்ப்பதில்லை. இவர்களுக்கு ஒரிஜினலா கம்பேட்டிபிளா என்ற கேள்வியே வீண். காயாத பொடியில் ஓடும் லேசருக்கு மாறுவதுதான் வழி.

இங்க் டேங்க் பிரிண்டர் (கார்ட்ரிட்ஜுக்குப் பதில் தொட்டியில் பாட்டில் மையை ஊற்றும் வகை) வைத்திருப்பவர்கள் இதில் யோசிக்கவே தேவையில்லை. எப்சன் தன் முதல் டேங்க் மாடலை 2010இல் இந்தோனேசியாவில் இறக்கியது. வெளியே தொட்டி கட்டி, குழாய் இழுத்து மலிவு மையை ஓட்டும் பழக்கம் ஊறிய சந்தை அது. அந்த யோசனையைக் கம்பெனியே தன் கையில் எடுத்துக்கொண்டது. பாட்டில் மையில் ஒரிஜினலே பக்கத்துக்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது. அங்கே போய் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க மெஷினை அபாயத்தில் விடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

டோனர்: இங்கே என் ஓட்டு மாறுகிறது

டோனர் மையல்ல, நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. மின்னேற்றத்தால் டிரம்மில் ஒட்டி, காகிதத்துக்குத் தாவி, சுமார் 200 டிகிரி சூட்டில் உருகிப் பதிகிறது. பழைய முறையில் பிளாஸ்டிக்கை அரைத்துப் பொடியாக்குவார்கள், துகள்கள் உடைந்த கல் மாதிரி கோணல்மாணலாக இருக்கும். வேதிமுறையில் வளர்த்தெடுக்கும் பொடியில் துகள்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில் உருண்டையாக இருக்கும். பொடி உருகும் வெப்பநிலையும் மெஷினின் சூடும் பொருந்தாவிட்டால் விரலால் தேய்த்ததும் எழுத்து உதிரும், அல்லது உருளையில் ஒட்டி அடுத்த பக்கத்தில் நிழலாக விழும்.

ஆனாலும் கறுப்பு லேசரில் நான் கம்பேட்டிபிள் கட்சி. காரணம் பழைய கேள்விதான். கேனான் 1982இல் தன் சிறு நகலெடுப்பு மெஷின்களுக்காக டிரம், பொடி, கழிவுத்தொட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தது. 1984இல் வந்த முதல் எச்பி லேசர்ஜெட் கேனானின் எஞ்சினில்தான் ஓடியது. அந்த வழக்கம் இன்றும் பல சின்ன லேசர்களில் தொடர்கிறது. தேயும் பாகம் எல்லாம் கார்ட்ரிட்ஜோடு வெளியே போய்விடும். பிரதர் மாதிரி டிரம்மைத் தனியாக வைத்திருப்பவர்களிடம்கூட, கெட்டால் டிரம் யூனிட்டை மட்டும் மாற்றலாம்.

கணக்கும் சாதகம். ஒரிஜினலின் விலை 4 பங்கு, 1500 பக்கம் என்று வையுங்கள். கம்பேட்டிபிள் 1 பங்கு, பெட்டியில் 1500 என்று போட்டிருந்தாலும் 1200தான் வந்தது. ஐந்தில் ஒன்று முதல் நாளே குப்பைக்குப் போகிறது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பக்கத்துக்கு ஆகும் செலவு ஒரிஜினலில் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. பெட்டியில் அச்சிட்ட பக்க எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை: கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752, கலர் டோனருக்கு 19798, இங்க்ஜெட்டுக்கு 24711 என்று அளவு முறைகள் உண்டு. கறுப்பு எழுத்துப் பக்கத்தில் சுமார் 5 சதவீதப் பரப்பு மட்டும் நிரம்பும் என்பதுதான் வழக்கமான அளவுகோல். எந்த முறை என்று சொல்லாமல் வெறுமனே "3000 பக்கம்" என்று போட்டிருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ரீஃபில் டோனரில் மட்டும் எனக்குக் கசப்பு உண்டு. ஒருமுறை நிரப்பி வாங்கிய கார்ட்ரிட்ஜை மாட்டினேன், முதல் 50 பக்கம் பளிச். பிறகு ஒவ்வொரு தாளிலும் சீரான இடைவெளியில் ஒரு கறுப்புப் புள்ளி. அளவுகோல் வைத்துப் பார்த்தால் 75 மில்லிமீட்டர், அந்த மெஷினின் டிரம் ஒரு சுற்றுச் சுற்றும் தூரம். நிரப்பிக் கொடுத்தவர் டிரம்மில் கீறல் போட்டிருந்தார். கழிவுத்தொட்டியைக் காலி செய்யவும் மறந்திருந்தார். அது நிரம்பி வழிந்து, மெஷினுக்குள் பொடி படிந்துவிட்டது. (பொடி கொட்டினால் வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீரில்தான் துடைக்க வேண்டும். சூடு பட்டால் அது துணியிலேயே பதிந்துவிடும்.) இப்படி விழும் கறையின் இடைவெளியை அளந்தால் குற்றவாளி டிரம்மா, வேறு உருளையா என்று கண்டுபிடித்துவிடலாம்.

கலர் லேசர் வேறு. நாலு பொடிகளும் ஒரே சூட்டில் உருகி, ஒரே மாதிரி மின்னேற்றம் தாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வெளியில் வாங்கி மற்ற மூன்றை ஒரிஜினலாக விட்டால் சாம்பல் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். மாற்றினால் நாலையும் ஒரே தயாரிப்பாளரிடம் மாற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

சிப் என்னும் காவல்காரன்

மை நன்றாக இருந்தும் மெஷின் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருந்து, அது யாருடையது என்று மெஷினுக்குச் சொல்லும் சிப்தான் காரணம். 2016 செப்டம்பர் 13 அன்று, அதுவரை ஒழுங்காக ஓடிய பல எச்பி இங்க்ஜெட்டுகள் திடீரென்று வெளி கார்ட்ரிட்ஜ்களை நிராகரித்தன. முன்பே ஏறியிருந்த ஃபர்ம்வேர் (மெஷினை இயக்கும் உள் மென்பொருள்) அந்த நாளுக்காகக் காத்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் எச்பி, சரியாகத் தெரிவிக்காததற்கு வருத்தம் சொல்லி, அதை நீக்கும் அப்டேட்டைக் கொடுத்தது. 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற அந்த ஏற்பாடு இன்னும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை நடந்தது. உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. கேனான் தன் சொந்த டோனரையே சிப் இல்லாமல் விற்க நேர்ந்து, மெஷின் காட்டும் எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தது. சிப் இல்லாவிட்டாலும் அச்சு வரும் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது போலாயிற்று.

வெளிச் சரக்கு போடுபவர்கள் ஃபர்ம்வேர் தானாக அப்டேட் ஆவதை அணைத்து வையுங்கள். எச்பியின் இன்ஸ்டன்ட் இங்க் போன்ற சந்தாவில் சேர்ந்தால், சந்தாவை நிறுத்தியதும் அந்தக் கார்ட்ரிட்ஜ்களும் நின்றுவிடும், உள்ளே மை மிச்சம் இருந்தாலும்.

வாரண்டி பற்றிய பயம் ஓரளவு மிகை. அமெரிக்காவில் 1975ஆம் வருடச் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டு மைதான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிக்க முடியாது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில், விற்ற கார்ட்ரிட்ஜின் மீது பேடன்ட் உரிமையைக் காட்டி மறுநிரப்பலைத் தடுக்க முடியாது என்றது. ஆனால் வெளி மையால்தான் ஹெட் அடைத்தது என்று தெரிந்தால் அந்தப் பழுதுக்கு இலவசச் சேவை கிடைக்காது. வாடகை மெஷின் என்றால் ஒப்பந்தத்தில் இருப்பதுதான் சட்டம்.

ஃபோட்டோ அடிப்பவர்களிடம் எனக்கு வாதமே இல்லை, ஒரிஜினல்தான். சாயம் வெளுப்பது மையும் காகிதமும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம். கம்பெனி அந்த ஜோடியைச் சோதித்துத்தான் இத்தனை வருடம் தாங்கும் என்று சொல்கிறது. வெளி மையின் நிறம் முதல் நாள் ஒத்துப்போகலாம், சுவரில் சில காலம் மாட்டிய பிறகு ஒத்துப்போகும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பீசோ மெஷினுக்கு ஒரிஜினல் என்றேன், அங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. முன்பு போலவே ஒரிஜினல் செட் 4 பங்கு, கம்பேட்டிபிள் 1 பங்கு. பிரிண்டர் விலை மூன்று செட் ஒரிஜினல் மைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 12 பங்கு. ஒவ்வொரு கம்பேட்டிபிள் செட்டிலும் 3 பங்கு மிச்சம். நாலு செட் தாங்கி ஓடிவிட்டால் மெஷினின் விலை கைக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஹெட் அடைத்தாலும் நஷ்டமில்லை. தினம் கட்டுக்கட்டாக அடிப்பவருக்கு இது சில மாதத்தில் நடக்கும், மையும் காய நேரமிருக்காது. அவர் துணியலாம்.

என் மேசையில் கறுப்பு லேசருக்குள் கம்பேட்டிபிள், ஃபோட்டோ இங்க்ஜெட்டுக்குள் ஒரிஜினல். லேசருக்கான ஒரிஜினல் டோனர் ஒன்றும் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. அவசரமாக அடிக்க வேண்டிய ராத்திரியில் மெஷின் சிப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் மாட்டுவதற்கு.