தோட்டத்து ரோட்டுக்கு எது சரி: கிராவலா, ஜல்லியா, கான்கிரீட்டா, தாரா?

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கமெல்லாம் தார் ரோட்டை விட்டு எறங்கி தோட்டத்துக்குள்ள போற பாதைக்கு பெரும்பாலும் ஒரு சங்கம் இருக்கும், பேரு வெச்ச சங்கமா இருக்கும் இல்ல வெறும் வாட்ஸ்அப் குரூப்பா இருக்கும். புரட்டாசி பொறந்தா அதுல ஒரே பேச்சுதான், இந்த வருசம் ரோட்டுக்கு என்ன பண்றது. நாலு லோடு கிராவல் கொட்டி ஜேசிபி விட்டா போதும்பாரு ஒருத்தர், ஜல்லி போடாம நிக்காதும்பாரு இன்னொருத்தர், வெளியூர்ல வேலை பாக்குற பையன் கான்கிரீட்டே போட்டுரலாம்பான், பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டா தார் வந்துரும்னு பெரியவர் ஒருத்தர் சொல்லுவாரு. நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துருவோம். எதை எடுத்தாலும் அளவுகோல் ஒண்ணுதான்: மழை பேஞ்சா தண்ணி ரோட்டை விட்டு வெளிய போகுதா? தண்ணி போயிருச்சுன்னா லோடு வண்டி ஓடினாலும் ரோடு தாங்கும், தேங்கிருச்சுன்னா டிவிஎஸ் ஓட்டியே குழியாக்கிரலாம்.

மொதல்ல எல்லாரும் பண்றது, ஜேசிபி. கூப்பிட்டா வந்துரும், மணிக்கணக்குல வாடகை, அரை நாள்ல வேலை முடிஞ்சுரும், பாக்கவும் பளிச்சுன்னு இருக்கும். ஆனா பக்கெட் இழுக்கிறது தட்டையா இழுக்கும், செரண்டின மண்ணை ரெண்டு ஓரத்துலயும் வரப்பா ஒதுக்கிட்டுப் போயிரும். அடுத்த மழைக்கு தண்ணி அந்த வரப்பைத் தாண்ட முடியாம ரோட்டு மேலயே நெட்டுக்கு ஓடி, இருந்த பொடி மண்ணையெல்லாம் அரிச்சுட்டுப் போயி, வெறும் கல்லு மட்டும் மிஞ்சும். இதையே வருசா வருசம் பண்ணினா ரோடு கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துக் காட்டை விட கீழ எறங்கிரும். பழைய இட்டேரிக (ரெண்டு வேலிக்கு நடுவுல போற வண்டிப்பாதை) நெறைய இன்னைக்கு அப்படித்தான் கெடக்குது, ரெண்டு பக்கமும் கிளுவை வேலியோட வேரு வெளிய தெரியுது, நடுவுல ரோடு ஓடையாயிருச்சு. காசு கம்மின்னு நினைச்சு எடுக்கிற வழிதான், ஆனா கொட்டின லோடு எல்லாம் எங்க போச்சுன்னு பாத்தா கடைசி தோட்டத்துக்காரர் வரப்புல படிஞ்சு கெடக்கும், அதனால நாலுலயும் இதைத்தான் நான் கடைசியில வெப்பேன்.

அதே கிராவலை கிரேடர், அதாவது அடியில நீள பிளேடு வெச்சு ரோட்டை இழுத்து சரிவு எடுக்கிற வண்டி வெச்சுப் போடுறது வேற கதை. 12 அடி ரோடுன்னா நடு மத்தி ஓரத்தை விட 3 அங்குலம் ஒசந்து நிக்கணும், அதாவது 100-க்கு 4 சரிவு. இதை விட கம்மியானா தண்ணி நிக்கும், ரொம்ப ஏத்தினா எல்லாரும் நடுவுலயே ஓட்டுவாங்க, ரெண்டு தடம் விழுந்துரும். குழி விழுந்த எடத்துல கிராவல் அள்ளிப் போட்டு மூடினா பத்து நாள்ல வெளிய வந்துரும், குழியோட அடி வரைக்கும் ரோட்டைக் கீறி, கலந்து, தண்ணி அடிச்சு, ரோலர் விட்டாத்தான் நிக்கும். அலை அலையா வண்டி ஒதறுற எடத்துக்கும் இதே வைத்தியம்தான், அது பெரும்பாலும் வளைவுக்கு முன்னாடியும் கேட்டுக்கு முன்னாடியும்தான் வரும், ஏன்னா பிரேக் அடிக்கிறதும் கெளப்புறதும் அங்கதான். கிரேடரும் மெதுவா, ஆளு வேகமா நடக்கிற அளவுக்குத்தான் போகணும், அவசரத்துல ஓட்டினா பிளேடே அலையைப் போட்டுட்டுப் போயிரும். ஈரம் இருக்கிறப்ப பண்ணணும், சித்திரை வைகாசியில ஒரு கோடை மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு இழுத்தா தண்ணி லாரி காசு மிச்சம். கிரேடர் கெடைக்கலைன்னா டிராக்டர் பின்னாடி சாய்ச்சு மாட்டுற பிளேடு இருந்தாக்கூட போதும், ஓட்டுறவருக்கு நடு மேடு ஏன் வேணும்னு புரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

இதுல சங்கம் அசந்துர்ற எடம் ஒண்ணு இருக்கு, என்ன கிராவல் வருதுங்கறது. டிப்பர் வந்து நின்னதும் ஒரு கைப்பிடி எடுத்து கொஞ்சம் தண்ணி தெளிச்சு இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க. கைய விரிச்சதும் உருண்டை ஒடையாம நிக்கணும், உள்ளங்கையில செம்மண் கறை ஒட்டணும், நடுவுல கல்லு நறநறன்னு தட்டணும். கறையே ஒட்டாம உதுந்தா களி இல்ல, வெயிலுக்கு புழுதியும் கல்லுமா பிரிஞ்சுரும். பிசுபிசுன்னு வெரல்ல அப்பினா களி ஜாஸ்தி, மழையில டூவீலர் சறுக்கும், பள்ளிக்கூடம் போற பிள்ளைக ஓட்டுற ரோடு, அந்த லோடைத் திருப்பி அனுப்புறதுதான் சரி. அளவும் சொல்லிர்றேன்: 12 அடி அகலத்துக்கு 4 அங்குலம் கொட்டினா ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா 131 யூனிட் (யூனிட்னா 100 கன அடி), ரோலர் ஓடினா 3 அங்குலமா எறங்கும். நாலு லோடு கொட்டி கிலோமீட்டர் ரோட்டை சரி பண்ணிரலாம்ங்கற கணக்கு ஏன் நிக்கறதில்லைன்னு இதுலயே தெரியும். வர்ற லோடுக்கு நடைச்சீட்டு (மண்ணு ஏத்திட்டு வர்றதுக்கான அனுமதிச் சீட்டு) இருக்கான்னும் பாத்துக்கோங்க, வண்டியைப் பிடிச்சா வேலை பாதியில நிக்கும்.

ஜல்லி, கிரஷர் டஸ்ட் (கல்லு ஒடைக்கிறப்ப விழுற பொடி) கோஷ்டிக்கு வர்றேன். கிரஷர்ல இருந்து வர்ற வெறும் ஜல்லியை மேல கொட்டறதுல பிரயோஜனமே இல்ல, கல்லைக் கோர்த்துப் பிடிக்க ஒண்ணும் இல்லாம டயர் ஒதுக்கி ஒதுக்கி ஓரத்துக்குத் தள்ளிரும். டஸ்ட் ஈரம் இருக்கிற வரைக்கும் இறுகி நிக்கும், காஞ்சா பறக்கும், பக்கத்துல வெள்ளாமை இருந்தா எலையெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும். ஆனா ஜல்லிக்கு ஒரு நல்ல எடம் இருக்கு, கரிசல் மண்ணு. கரிசல்ல கிராவலை நேரா கொட்டினா ஒரே மழையில மண்ணு அதை முழுங்கிரும், அங்க அடியில பெரிய சைஸ் ஜல்லியோ மணல் கலந்த கிராவலோ போட்டு இறுக்கி, அதுக்கு மேலதான் களி கிராவல் வரணும்.

கான்கிரீட்னா ரோடு முழுக்க வேணாம், சக்கரம் போற ரெண்டு பட்டை போதும். காருக்கு மட்டும்னா ரெண்டடிப் பட்டை போதும், கோழித் தீவன லாரியும் போர் போடுற ரிக் வண்டியும் வர்ற பாதைன்னா மூணடி இல்லாம ஓரம் ஒடஞ்சுரும். மூணடி அகலம், 6 அங்குல கனம், ரெண்டு பட்டைன்னு போட்டா கிலோமீட்டருக்கு 9,800 கன அடி கான்கிரீட், எம்20 கலவைக்கு கன மீட்டருக்கு எட்டு மூட்டைன்னு வெச்சா சிமெண்ட்டே 2,200 மூட்டை கிட்ட வருது. எந்த சங்கமும் ஒரு வருச வசூல்ல தாங்காது. ஆனா தண்ணி எறைச்சு அரிக்கிற ஒரு 200 மீட்டர் எறக்கத்துக்கு மட்டும்னா 450 மூட்டைக்குள்ள முடிஞ்சுரும், அங்க கிராவல் என்ன பண்ணினாலும் நிக்கப் போறதில்ல, அதனால அங்க இதுதான் சரி, இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. பட்டைக்கு நடுவுலயும் ஓரத்துலயும் கிராவல் மட்டத்துக்கு இருக்கணும், இல்லைன்னா பட்டையில இருந்து எறங்குற பைக் விழும். கான்கிரீட் இறுகுற வரைக்கும் பால் வண்டிக்கு மாத்து வழி யாரு காட்டுல குடுக்கிறதுன்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுருங்க.

தார் எல்லாருக்கும் ஆசைதான். 2000-ல வந்த பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் சமவெளியில 500 பேரு இருக்கிற குடியிருப்புகளை இணைக்கத்தான் வந்துச்சு, நாலஞ்சு தோட்டத்துக்குப் போற தனியார் பாதை அந்தக் கணக்குல வராது. பஞ்சாயத்துக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்தா ரோடு பொதுவாயிரும், அப்புறம் கேட்டு போட முடியாது, அகலத்துக்காக வேலியை எடுக்க வேண்டி வரலாம், எழுதிக் குடுத்ததுக்காக தார் எப்ப வரும்னு தேதியும் யாரும் தரப் போறதில்ல. சொந்தக் காசுல மெல்லிசா போட்ட தாரு ஒடஞ்சா கிராவல் மாதிரி கீறி இழுத்து சரி பண்ணவும் முடியாது.

ஆகமொத்தம் என் ஓட்டு இப்படி: சமதளம் பூரா கிரேடர் போட்ட களி கிராவல், எறக்கத்துல கான்கிரீட் பட்டை, தண்ணி குறுக்க போற எடத்துல ஹியூம் பைப்பு (பெரிய கான்கிரீட் குழாய்), பைப்புக்கு மேல ஒரு அடி மண்ணாவது இருக்கணும். ஓரத்து வாய்க்கா தண்ணியை நீளமா ஓட விடாம அங்கங்க வெட்டி விடணும், யாரு காட்டுக்குள்ள விடறதுங்கறதுலதான் சண்டை வரும், பண்ணைக்குட்டை வெச்சிருக்கிறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, வாங்கிக்குவாங்க.

மிச்சம் வசூல். ஏக்கருக்கு இவ்வளவுன்னா மானாவாரியா சும்மா கெடக்கிற காட்டுக்காரர் கொதிப்பாரு, வீட்டுக்கு இவ்வளவுன்னா ஒரே ஒரு பைக் வெச்சிருக்கிறவரும் கோழிப்பண்ணைக்காரரும் ஒரே காசு கட்டணும், அது நியாயமே இல்ல. சுவீடன்ல தனியார் ரோட்டுச் சங்கங்கள் ஒவ்வொருத்தரும் ரோட்டுல ஏத்துற எடையையும் ஓட்டுற தூரத்தையும் பெருக்கி பங்கு பிரிக்கிறாங்க. அமெரிக்காவுல 1958-60ல தார், கான்கிரீட் ரோட்டுல பரிசோதிச்சப்ப அச்சு எடை ரெண்டு மடங்கானா சேதம் கிட்டத்தட்ட 16 மடங்குன்னு வந்துச்சு, கிராவலுக்கு அப்படியே பொருந்தாதுன்னாலும் பாரம்தான் ரோட்டைத் திங்குதுங்கறது தெளிவு. அதனால முதல் தோட்டத்துக்காரர் அவரு கேட்டு வரைக்கும் உள்ள தூரத்துக்கும் கடைசித் தோட்டத்துக்காரர் முழு நீளத்துக்கும் கட்டட்டும், லாரி வர்றவங்க அதுக்கு மேல லோடு கணக்குல ஒரு தொகை சேத்துக் கட்டட்டும். இதைப் பங்குனிக்குள்ள பேசி முடிச்சு பணத்தை வாங்கி வெச்சுட்டா கோடை மழை பேஞ்ச கையோட கிரேடரைக் கூப்பிட்டுரலாம்.