300 பேர் அறையா, பெரிய மைதானமா: இண்டி ராக்கை எங்கே கேட்பது?

ஒரே குழுவை ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு இடங்களில் கேட்டேன். முதலில் ஒரு பெரிய இசைவிழா, மாலை நாலு மணி வெயில். அடுத்தது 300 பேருக்கு மேல் கொள்ளாத ஒரு கிளப், இரவு பத்து மணி. இரண்டிலும் அதே மூன்று பேர், அதே கிட்டார்கள். பாட்டுப் பட்டியலும் முக்கால்வாசி அதேதான். அவர்களிடம் மிக மெல்லிய பாட்டு ஒன்று உண்டு. பாடகி ஏறக்குறைய மூச்சிலேயே பாடுவார். நடுவில் நாலு தட்டுக்கு எல்லா வாத்தியமும் நின்றுவிடும். மைதானத்தில் அந்த நாலு தட்டுக்குள் பக்கத்து மேடையின் பேஸ் டிரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிளப்பில் அதே இடத்தில், எனக்கு முன்னால் நின்றவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

குழுவின் பெயரைச் சொல்லவில்லை. மைதானத்தில் நடந்தது அவர்கள் குற்றமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த டிக்கெட் வாங்குவது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இடத்தில் நிசப்தம் சாத்தியமா?

ராக் கச்சேரிக்குப் போகிறவனுக்கு நிசப்தம் எதற்கு என்று கேட்கலாம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் வகையான இண்டி ராக்கின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. அடங்கிக் கிடக்கும் பாட்டு திடீரென்று வெடிக்கும் அந்த வித்தையை 1988, 89-இல் பிக்ஸீஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் தங்கள் ஆல்பங்களில் நிலைநாட்டினார்கள். பின்னால் வந்தவர்களில் அதை எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. மோக்வாய் போன்ற குழுக்கள் அதையே பத்து நிமிடத்துக்கு நீட்டினார்கள். அடக்கம் காதில் விழாவிட்டால் வெடிப்புக்கும் அர்த்தமில்லை. வெறும் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த குழு லோ. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். கணவன் ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார், மனைவி மிமி பார்க்கர் டிரம்ஸ். அவருடைய டிரம்ஸ் என்பது இரண்டு டிரம், ஒரு சிம்பல், அவ்வளவே. நின்றுகொண்டு, பெரும்பாலும் பிரஷ்ஷால் வாசிப்பார். ஆரம்ப காலத்தில் கிளப்களில் கூட்டம் சலசலத்துப் பேசினால் மற்ற குழுக்கள் சத்தத்தைக் கூட்டும். இவர்கள் இன்னும் குறைத்தார்களாம். பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரலே உறைக்கும்படி குறைப்பது. சின்ன அறையில் மட்டும்தான் இந்த வித்தை பலிக்கும். மைதானத்தில் குறைத்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். 2022 நவம்பரில் மிமி பார்க்கர் காலமானார். அந்தக் குரலை இனி எந்த அறையிலும் கேட்க முடியாது என்பது இதை எழுதும்போதும் நெஞ்சை அடைக்கிறது.

மைதானத்துக்காக வாதாடும் தோழி

என்னோடு இருபது வருடமாகக் கச்சேரிக்கு வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் முழுக்க முழுக்க இசைவிழாக் கட்சி. "ஒரு டிக்கெட்டில் பத்து குழு பார்க்கலாம்டா. அதில் ஏழு குழுவை உனக்குத் தெரியவே தெரியாது. நீ கிளப்புக்குப் போனால் ஏற்கெனவே பிடித்ததைத்தானே மறுபடி கேட்கிறாய்?" என்பாள். இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று நான் உயிராக நினைக்கும் குழுக்களில் மூன்றை, வேறொரு மேடைக்கு நடந்துபோகும் வழியில் தற்செயலாகக் கேட்டு நின்றுதான் கண்டுபிடித்தேன்.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, கேட்பது வேறு. இசைவிழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 40, 45 நிமிடம். முந்தைய குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்குள் இருக்கும் அவகாசத்தில் ஒழுங்கான சவுண்ட் செக் நடக்காது. மைக் வேலை செய்கிறதா, கிட்டார் வருகிறதா என்று ஒவ்வொரு லைனாகத் தட்டிப் பார்ப்பார்கள், அத்தோடு சரி. அதனால் முதல் இரண்டு பாட்டு சவுண்ட் என்ஜினியர் பழகிக்கொள்வதிலேயே போய்விடும். மூன்றாவது பாட்டில்தான் குரல் தெளியும். 40 நிமிடத்தில் பத்து நிமிடம் அப்படிப் போனால் மீதி என்ன?

தூரமும் ஒரு பிரச்சினை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், டிரம் அடிக்கும் கை இறங்கி ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் அடி காதுக்கு வரும். பெரிய விழாக்களில் மைதானத்தின் நடுவே தனி ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அவற்றைத் தாமதப்படுத்தி ஒலிக்கச் செய்வார்கள். ஒலியும் ஒலியும் சேர்ந்துவிடும். கண்ணும் காதும் சேராது. காற்றடித்தால் இன்னும் மோசம்: சிம்பலின் மினுமினுப்பும் குரலின் ஓரங்களும் போய்ப்போய் வரும். அடித்தொனி மட்டும் அப்படியே நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மைதானம் ஜெயிக்கும் இரவுகள் உண்டு. 1997 ஜூன் 28, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா, ரேடியோஹெட் குழு. மழையில் சேறாகிப்போன ஆண்டு அது. புது ஆல்பம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பாடகர் தாம் யார்க்கின் மானிட்டர், அதாவது அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்யும் மேடை ஸ்பீக்கர், பழுதாகிவிட்டது. தான் பாடுவது தனக்கே சரியாகக் கேட்கவில்லை. கண்ணில் விழுந்த வெளிச்சத்தில் எதிரே யாரும் தெரியவும் இல்லை. விளக்கைக் கூட்டத்தின் மேல் திருப்பச் சொன்னார். அதன் பிறகுதான் எதிரே நின்ற அத்தனை பேரும் கண்ணில் பட்டார்கள். அந்த நிகழ்ச்சி இன்றுவரை இசைவிழா வரலாற்றின் உச்சங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. சின்ன அறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்படி ஒரு காட்சியைத் தர முடியாது. ஆயிரக்கணக்கான குரல்கள் ஒரே வரியைப் பாடும்போது முதுகுத்தண்டில் ஏறும் சிலிர்ப்பை நானும் அனுபவித்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பாடியவர் யாரென்று தெரியாமலே தோளில் கைபோட்டு நின்றிருக்கிறேன்.

லோவேகூட ஒருமுறை மைதானத்தை வேறு மாதிரி எதிர்கொண்டார்கள். 2013 ஜூனில் மினியாபொலிஸில் நடந்த ஒரு திறந்தவெளி விழாவில் தங்களுக்குக் கிடைத்த நேரம் முழுவதும் ஒரே ஒரு பாட்டை 27 நிமிடம் ரீங்காரமாக நீட்டி வாசித்துவிட்டு இறங்கினார்கள். சிலர் பரவசப்பட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள். மெல்லிய ஒலி எடுபடாத இடம் என்றால் இடத்தையே நிரப்பிவிடுவது. எனக்கு அது பெரிய துணிச்சலாகத் தோன்றுகிறது.

முதல் வரிசையா, மிக்ஸர் பக்கமா

கிளப் என்று முடிவு செய்தாலும் போட்டி முடிவதில்லை. பத்து வருடம் நான் முதல் வரிசைப் பைத்தியமாக இருந்தேன். கதவு திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசையில் நின்று, மேடை விளிம்பில் கை வைத்து நிற்பேன். விரல்கள் தெரியும். கிட்டார் ஒலியை மாற்றும் எந்த பெடலை எப்போது மிதிக்கிறார்கள் என்பது தெரியும். தரையில் ஒட்டியிருக்கும் செட்லிஸ்ட்டை, அன்றைய பாட்டுப் பட்டியலை, தலைகீழாகப் படிக்கலாம். அடுத்து என்ன என்று தெரிந்துவிடுவதில் ஒரு நஷ்டமும் உண்டு, அது தனிக் கதை.

ஒலியைப் பொறுத்தவரை அது மோசமான இடம். குரல் வரும் பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும், பல இடங்களில் தலைக்கு மேலும் இருக்கும். முதல் வரிசைக்காரனைத் தாண்டித்தான் அவற்றின் ஒலி போகும். நமக்குக் கேட்பது எதிரே இருக்கும் கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் மட்டும். இடது பக்கம் நின்றால் இடது பக்கக் கிட்டார்தான் கச்சேரி. பாடகரின் உதடு அசையும், வார்த்தை வராது. பிடித்த பாட்டு என்றால் மனசு தானே வார்த்தையைப் போட்டுக்கொள்ளும். புதுப் பாட்டு என்றால் ஒன்றும் புரியாது.

மிக்ஸர் என்ற ஒலிக்கலவைப் பலகையில் சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் கலக்குகிறார். ஆக, அவர் கேட்பதைக் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இதை ஒரு மழைநாளில் தாமதமாகப் போய், வேறு இடமில்லாமல் மிக்ஸர் பக்கம் ஒதுங்கியபோது கற்றுக்கொண்டேன். ஏழெட்டு முறை நேரில் கேட்ட பாட்டில் ஒரு பின்குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சரி நடுக்கோட்டில் பேஸ் குவிந்து கனக்கும். இரண்டடி ஒதுங்கி நில்லுங்கள்.

உட்கார்ந்து கேட்கும் அரங்கு

நிசப்தம்தான் வேண்டும் என்றால் இருக்கை அரங்குதானே முதலிடம் என்று தோன்றும். எனக்கு அப்படி அமையவில்லை. அங்கே இருப்பது மரியாதையால் வரும் அமைதி. பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு அளவாகக் கைதட்டுகிறோம். கிளப்பில் வரும் அமைதி வேறு. குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் 300 பேர், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, ஒரு பாட்டுக்காக அடங்குவது. அது அந்தப் பாட்டு சம்பாதித்த அமைதி. நரம்பிசை சேர்ந்த குழு, நீண்ட வாத்திய இசைக் குழு என்றால் மட்டும் இருக்கைக்கு என் ஓட்டு.

முழு ஆல்பமா, அன்றைய மனசா

ஒரு பழைய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்கும் இரவுகள் இப்போது நிறைய. ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் என்ற விழா அமைப்பாளர்கள் 2005-இல் இதையே ஒரு தொடராக நடத்தினார்கள். அதில் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவினர் தங்கள் 1996 ஆல்பத்தை லண்டன் பார்பிகன் அரங்கில் முழுக்க வாசித்தது பதிவாகவும் வெளிவந்திருக்கிறது. நல்ல பதிவுதான். ஆனால் இப்படிப்பட்ட இரவில் நேரில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் ஏதோ அடைபடுகிறது. அடுத்து என்ன என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். நாம் கேட்பது குழுவை அல்ல, பதினேழு வயதில் அந்த ஆல்பத்தைக் கேட்ட நம்மை.

இதன் எதிர்முனையில் யோ லா டெங்கோ. 1984-இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் தொடங்கிய குழு. 2001 முதல் 2012 வரை பெரும்பாலான ஆண்டுகளில், யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவும் அதே ஊரில் மேக்ஸ்வெல்ஸ் என்ற கிளப்பில் வாசித்தார்கள். அங்கே சுமார் 200 பேர்தான் நிற்க முடியும். எட்டு இரவுக்கும் வேறு வேறு பாட்டு, வேறு வேறு விருந்தினர், யாரும் எதிர்பாராத பிறர் பாடல்கள். மேக்ஸ்வெல்ஸ் 2013-இல் மூடப்பட்டது. பிறகு 2017-லிருந்து நியூயார்க்கின் பவரி பால்ரூமில் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். இன்றைய இரவு நேற்றைய இரவாக இருக்காது என்ற வாக்குறுதி இருக்கிறதே, அதற்காகவே எத்தனை தூரமும் போகலாம்.

ஃபுகாஸி என்ற குழுவும் இந்தப் பக்கம்தான். செட்லிஸ்ட்டே கிடையாது. ஒருவர் தொடங்க மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நுழைவுக் கட்டணம் 5 டாலர் அளவில் இருக்கவேண்டும், எல்லா வயதினரையும் உள்ளே விடவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்து முரட்டுத்தனம் செய்தால் பாடகர் இயன் மெக்கை பாட்டையே நிறுத்திவிடுவார். கேட்காவிட்டால் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். ஓரத்தில் நிற்கும் மெலிந்த உடம்புக்காரருக்கும் அந்த இரவு சொந்தம் என்று மேடையிலிருந்தே சொன்ன குழு. இவர்களை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 800-க்கும் மேற்பட்ட அவர்களுடைய கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன. ஒரே பாட்டைப் பத்து இரவுகளில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

காது

எந்த இடமானாலும் காதடைப்பான் கட்டாயம். பணியிட நலம் பற்றி ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ராக் கச்சேரிகள் சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும். மை பிளடி வேலன்டைன் என்ற குழு 2008-இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது வாசலில் காதடைப்பானை அவர்களே கொடுத்தார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் ஏறக்குறைய 20 நிமிடம் ஒரே இரைச்சல் அலை. ஒரு கட்டத்துக்கு மேல் அது காதைவிட விலா எலும்பில்தான் கேட்கும். இந்த ஒரு குழுவுக்கு மட்டும் சின்ன அறை வேண்டாம் என்பேன். பெரிய கூடமும் அதற்கேற்ற ஸ்பீக்கர்களும் வேண்டும். பஞ்சு அடைப்பான் மேல்சுரங்களை விழுங்கிவிடும். இசைக்காரர்கள் போடும், எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும் வகையை வாங்குங்கள். பதினைந்து வருடம் அதில்லாமல் நின்றதற்காக என் இடது காதில் இன்றும் இரவில் மெல்லிய கீச்சொலி இருக்கிறது.

அந்த மூன்று பேர் குழு மறுபடி சுற்றுப்பயணம் கிளம்புகிறது. இந்த முறையும் ஒரு மைதானம், ஒரு கிளப். தோழி மைதானத்துக்கு வாங்கிவிட்டாள். நான் கிளப். மிக்ஸருக்கு இரண்டு முழம் முன்னால், நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் நிற்பேன். காதடைப்பானோடு. அந்த மெல்லிய பாட்டு தொடங்கியதும் மட்டும் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன், நாலு தட்டு கடக்கும்வரை.