பாட்டுக் கோப்புகள் வைத்திருப்பவருக்கு ஆண்ட்ராய்டா, ஐபோனா?

ஸ்ட்ரீமிங்கில் மட்டும் பாட்டு கேட்பவருக்கு எந்தப் போனும் சரிதான். ஆப்பிள் மியூசிக்கே 2015 முதல் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. வருடக்கணக்கில் சேர்த்த கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள்தான் யோசித்து வாங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வேலை சுலபம். விண்டோஸ் கணினியில் கேபிளை மாட்டி ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும். அப்புறம் எந்த பிளேயரைத் திறந்தாலும் அதே பாட்டுகள் வந்து நிற்கும். ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளை ஆண்ட்ராய்டு 2011-லிருந்தே இசைக்கிறது.

ஐபோனின் மியூசிக் செயலியில் சொந்தப் பாட்டைச் சேர்க்க, கணினியில் ஐடியூன்ஸ், ஃபைண்டர் போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். ஃப்ளாக்கை அது ஏற்பதும் இல்லை. 2017-இல் வந்த ஃபைல்ஸ் செயலியில் அதே ஃப்ளாக்கைத் திறந்து கேட்கலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. போனுக்குத் தெரிந்த வேலையை, பாட்டுக்கென்றே இருக்கும் செயலி செய்யக் கூடாதா?

இதற்கு விஎல்சி என்ற பிளேயர் செயலி கைகொடுக்கிறது. கணினியின் பிரவுசரைத் திறந்து, வைஃபை வழியாகவே கோப்புகளை ஐபோனுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அவை விஎல்சியின் இடத்தில்தான் இருக்கும்; மற்ற பிளேயர்களின் பட்டியலில் தானாக வராது. இந்த விஎல்சியே 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. யாரும் பகிரலாம், மாற்றலாம் என்னும் அதன் ஜிபிஎல் உரிமமும் கடையின் விதிகளும் ஒத்துப்போகவில்லை. உரிமத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வர 2013 ஜூலை ஆனது. ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவ வழி இருக்கிறது. ஒரே கதவை நம்பி நிற்க வேண்டாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ப்ளூடூத் ஹெட்போனிலும் ஆண்ட்ராய்டுக்கே என் ஓட்டு. ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான எல்டாக், 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டின் மூல நிரலிலேயே இருக்கிறது. நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஐபோன், அதைவிடக் குறைவாக அனுப்பும் ஏஏசி முறையோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆனால் பாட்டு கேட்பது வேறு, இசை அமைப்பது வேறு. திரையில் ஒரு கட்டையைத் தொட்டதும் ஒலி வர வேண்டும். ஆண்ட்ராய்டில் பல காலம் அது காதில் உறைக்கும் அளவுக்குத் தாமதமாக வந்தது. 8.0-இல் தாமதத்தைக் குறைக்கும் ஏஆடியோ என்ற ஒலி வசதி வந்தபின் நிலைமை தேறியது. இருந்தாலும் போனுக்குப் போன் மாறுகிறது. ஐபோனில் அந்தத் தாமதம் ஆரம்பத்திலிருந்தே குறைவு. இசை அமைக்க உதவும் ஆப்பிளின் கராஜ்பேண்ட் செயலியும் இலவசம். வாசிக்கவும் பதிவு செய்யவும் போன் தேடுகிறவருக்கு நான் தயங்காமல் ஐபோனையே சொல்வேன்.

ஆண்ட்ராய்டு வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில போன்கள் பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லி, திரை அணைந்ததும் பிளேயரையும் நிறுத்திவிடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள்.

ஐபோன் பக்கம் போகிறவர்கள் ஃப்ளாக் கோப்புகளை எம்பி3 ஆக்கிவிட வேண்டாம். ஆப்பிளின் தரம் குறையாத ஆலாக் வடிவத்துக்கு மாற்றினால் மியூசிக் செயலி ஏற்கும், தரமும் குறையாது. நாளைக்கு மனம் மாறினால் அதையே மறுபடி ஃப்ளாக் ஆக்கிக்கொள்ளலாம்.