கூரை கழற்றிய ஹெரால்டு

பழைய கார் விளம்பரங்களில் வரும் 'ஒரே கை', 'ஒரிஜினல்' என்ற இரண்டு சொற்களையும் நான் நம்புவதில்லை. இந்த விளம்பரத்தில் இரண்டுமே இல்லை. "1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. எஞ்சின் மாற்றியது, கூரை கழற்றியது. 38 வருடமாக என்னிடம் இருக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசவும்." இவ்வளவுதான். செய்த குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டு விற்க வருகிற மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி கோவை சிங்காநல்லூருக்குப் போனேன்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்த கார் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் இங்கேயே தயாரானது. அம்பாசடரும் ஃபியட்டும் நிரம்பிய சாலையில் நம் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே கார். எங்கள் சித்தப்பாவிடம் அதன் வாரிசான கேசல் இருந்தது. அதன் பின்சீட்டில் வாந்தி எடுத்துத்தான் நான் கார் பைத்தியம் ஆனேன்.

இந்த வண்டியை மாற்றிக் கட்டுவது எளிது. அதற்கொரு காரணம் உண்டு. ஹெரால்டை வடிவமைத்த நாளில், பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே துண்டாகச் செய்து தர ஆளில்லை. அதனால் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். கூரையும் அப்படித்தான். வெல்டிங்கை அறுக்க வேண்டியதில்லை, ஸ்பேனர் போதும். வண்டியை விற்கும் பெரியவர் 1991-இல் ஒரு மத்தியானத்தில் கூரையைக் கழற்றியிருக்கிறார். "திரும்பப் பூட்டிவிடலாம் என்றுதான் கழற்றினேன் தம்பி" என்றார். அந்தக் கூரை இன்னும் பட்டறை மூலையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. வாங்குபவருக்கு அதுவும் சேர்த்துத்தான்.

பெரியவர் பம்ப் மோட்டார்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர். வயது எழுபத்தாறு. கண்புரை அறுவைக்குப் பிறகு இரவில் ஓட்டுவதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். விற்கும் காரணத்தை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "கிளட்ச் மிதித்தால் முழங்கால் பேசுகிறது."

பானட்டைத் தூக்கிக் காட்டினார். ஹெரால்டில் பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே வாயாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். உள்ளே இருந்தது பழைய மாருதி ஜிப்சியின் 970 சி.சி. எஞ்சின். ஹெரால்டின் சொந்த எஞ்சின் 948 சி.சி., ஆகவே அளவில் பெரிய வித்தியாசமில்லை. இதுவே எனக்குப் பிடித்தது. இந்தச் சின்ன வண்டியில் பெரிய எஞ்சினைத் திணித்துவிட்டு, அதை நிறுத்துவதற்கு ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பத்துக் குதிரை கூடினால் போதும் என்று நிறுத்திக்கொண்டார். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டிருக்கிறார். அதற்கான இணைப்புத் தட்டைத் தன் லேத்திலேயே கடைந்தாராம். கையால் தடவிப் பார்த்தேன், பிசிறு இல்லை.

ஜிப்சியின் கியர் பெட்டியையும் சேர்த்தே எடுத்திருக்கிறார். அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி தனியாக இருக்கும் என்பதால், அதை விட்டுவிட்டு கியர் பெட்டியை மட்டும் எடுத்து வைக்க முடிந்தது. ஆனால் ஸ்பீடாமீட்டர் கேபிள் மாட்டும் இடம் அந்த விட்டுவிட்ட பெட்டியில் அல்லவா இருக்கிறது! முப்பது வருடமாக முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது. "காது இருக்கிறதே" என்கிறார். காதை நம்பி இந்தக் காரை வாங்க முடியாது. புதிதாக வாங்குபவர் முதல் வேலையாகச் சக்கரத்தில் சென்சார் வைக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு சோதனைக் கேள்வி வைத்திருந்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்ற பித்தளைப் பாகத்துக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாதவர்களின் வண்டியில் அது தேய்ந்து, திரும்பும்போது சக்கரம் மடங்கிவிடும். கேட்டதும் சிரித்தார். அலமாரியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தார். ஆயில் விட்ட தேதிகள் மட்டும் நான்கு பக்கம். இப்படிப் பதினொரு நோட்டுகள். கடைசி நோட்டில் ஒரு வரி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் ரப்பர் ஹோஸ் மூன்றும் மாற்றியது. கடைசி வருடம் வரை கணக்கு எழுதியவர் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஓட்டினேன். ஒண்டிப்புதூர் வரை போய்த் திரும்பினேன். ஸ்டீயரிங் இன்றைய கார்கள் வெட்கப்படும் அளவுக்கு இலகு. பவர் ஸ்டீயரிங் கிடையாது, தேவையும் இல்லை. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் வண்டி. அந்தத் தெருவில் ஒரே வெட்டில் திருப்பினேன், ஆட்டோக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். என் ஊகத்தில் அறுபது கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எஞ்சின் கத்தத் தொடங்குகிறது. கோவையிலிருந்து சென்னைக்கு இதில் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் தடுங்கள். பள்ளத்தில் இறங்கினால் கூரையில்லாத உடம்பு லேசாக நடுங்குகிறது. கண்ணாடி ஆடுவது தெரிகிறது.

பின்பக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெரால்டின் பின் அச்சு நடுவில் மடங்கும் வகை. வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி தூக்கும். பின்னால் வந்த கேசலில் அந்த அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பெரியவர் அதை மாற்றவில்லை. குறுக்கே போகும் ஸ்பிரிங் பட்டையை வளைவு குறைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறார். பின்னால் நின்று பார்த்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். பார்க்க விபத்தில் சிக்கிய வண்டி போல இருந்தாலும், மடங்காமல் இருக்க அதுதான் வழி. ஆனாலும் மழை நாளில் வளைவில் விளையாடாதீர்கள்.

குறைகள் இருக்கின்றன. இடது கதவு தொங்குகிறது, தூக்கித்தான் சாத்த வேண்டும். அந்தப் பக்கம் சேஸிஸிலிருந்து வெளியே நீளும் கைகளில் ஒன்று துருவேறியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன், டொக்கென்று கேட்காமல் பொத்தென்று கேட்டது. டிக்கியின் அடித்தளத்தில் ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது. கடற்காற்று இல்லாத ஊர் என்பதால் இதோடு போயிற்று. மடக்குக் கூரை, பந்தல் துணி தைப்பவர் ஒருவர் தைத்தது. உறுதியானது, ஆனால் ஏற்றிவிட்டால் கல்யாண வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. மயில்கழுத்து நிறம் மட்டும் எந்தக் குறையும் சொல்ல விடவில்லை.

இனிக் காகிதம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகள் உள்ள தனி எண் வாங்கலாம். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். இதற்கு அந்த யோகம் கிடையாது. எஞ்சின் மாற்றத்தை 1994-இல் முறைப்படி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார், ரசீதும் இருக்கிறது. கூரை கழற்றியதை அதில் ஏற்றவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வைத்துச் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை அனுமதிப்பதில்லை. மூலையில் நிற்கும் அந்தக் கூரை இப்போது ஏன் முக்கியம் என்று புரியும். எஃப்.சி.க்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் அதைப் பூட்டிக்கொண்டுதான் போகிறார். 'எப்படியும் சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லும் இடைத்தரகர்களை நான் நம்ப மாட்டேன். வாங்கினால் கூரையைப் பூட்டி, அப்படியே ஓட்டுவேன்.

கேட்பது நாலே முக்கால் லட்சம். சேகரிப்பாளருக்கு இந்த விலை முட்டாள்தனம். அவர்களுக்கு வேண்டியது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் அசல். அதைப் பார்க்க அவினாசி சாலை கார் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்தால் போதும். ஞாயிறு காலையில் குடும்பத்தோடு இட்லி சாப்பிடப் போகிறவருக்கு மூன்றரை நியாயம். நான் மூன்றரை என்றேன். கோபப்படவில்லை. அவர் வீட்டம்மா உள்ளிருந்து காபி கொண்டுவந்து, "நாலு சொல்லுங்கள், கொடுத்துவிடுவார்" என்றார். பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாலுக்கு இறங்கினார், ஒரு நிபந்தனையோடு: வாங்குபவர் மூன்று ஞாயிறு பட்டறைக்கு வந்து தன்னோடு வேலை செய்ய வேண்டும். நோட்டுகளைப் படித்து எழுத்து புரியாத இடங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை நான் முன்பணம் கொடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு போய்விட்டேன். கார்பரேட்டரைத் தனியாகக் கழற்றிப் பூட்டினேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது, அது எங்கே போக வேண்டும் என்று இன்னும் அவர் சொல்லவில்லை. வேறு யாராவது பார்க்கப் போவதென்றால் காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.