கைநாட்டை வாங்கிட்டு 48,500 ரூபாயை முழுங்கிட்டாங்க: காப்பாளர் சான்று தேடறவங்க ஏமாந்துடாதீங்க

போன வாரம்தானுங்க பேங்க்ல பேப்பரைத் திருப்பிக் குடுத்தாங்க. சூடு ஆறறதுக்குள்ள எழுதிடறேன். போனது 48,500 ரூபாய்.

பக்கவாதத்துல பேச்சும் நெனப்பும் போயிட்ட அப்பாரு பேருல, மஞ்சள் வித்த காசு டெபாசிட்டாக் கிடக்குது. வைத்தியத்துக்கு அதை எடுக்கோணும். அதுக்கு அவரு சார்புல முடிவெடுக்கச் சட்டப்படி நியமிச்ச ஆளு, அதாவது காப்பாளர், வேணும். 'சட்டப்படி காப்பாளர் சான்றிதழ், வீட்டுக்கே வந்து முடிச்சுத் தரோம், 21 நாள்'னு விளம்பரம் பண்ற ஆன்லைன் டாக்குமெண்ட் சர்வீஸ்ல மாட்டினோம். பேரைப் போடல. இன்னைக்கு ஒரு பேரு, நாளைக்கு ஒரு பேருன்னு வர்ற ரகம்.

நம்பினது எதுனாலன்னு கேளுங்க. போன்ல பேசுன ஆளு காசைப் பத்தி வாயே திறக்கல. 'பெரியவரு பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாரா? இது பகலா ராத்திரியான்னு சொல்லுவாரா?'ன்னுதான் மொதல்ல கேட்டான். ரெண்டுக்கும் இல்லைன்னு சொன்னோம். விவரம் தெரிஞ்சவன்னு நெனச்சு அன்னைக்கே 20,000. அப்புறம் 'கோர்ட் பீஸ்' 18,500. அப்புறம் 'மெடிக்கல் போர்டு' 10,000. கோர்ட் வாசலை யாரும் மிதிக்கல, எந்த போர்டும் வந்து பாக்கல. வந்தது மைப்பெட்டியோட ஒரு பையன். மடங்கிக் கிடந்த விரலை நிமித்தி அழுத்துனான். ரேகையே தெரியாம திட்டாப் பதிஞ்சுது, அதுக்கு மேலயே இன்னொருக்கா அழுத்துனான்.

கைக்கு வந்தது 100 ரூபாய் முத்திரைத்தாள்ல நோட்டரி சீல் அடிச்ச பவர் பத்திரம். தலைப்புல மட்டும் 'காப்பாளர் நியமன ஆவணம்'. உள்ள, 'நான் நல்ல சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக் கொடுப்பது'. நெனப்பு இல்லைன்னு நம்ம வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் எழுதுன வரி இது!

பேங்க் மேனேஜர் அந்த ஒரு வரியோட நிறுத்திட்டாரு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 11, 12 படி புத்தி தெளிவா இல்லாதவரு எழுதிக் குடுக்கற பவர் செல்லாது. நல்லா இருந்தப்ப எழுதுனதாவே இருந்தாலும், பிரிவு 201 படி குடுத்தவருக்குப் புத்தி போச்சுன்னா பவரும் போச்சு. சில வெளிநாட்டுல அதுக்கப்புறமும் செல்லற பவர் உண்டு, இங்க அது கிடையாது. கைநாட்டு, கால் பெருவிரல் ரேகைன்னு ரெண்டு சாட்சி வெச்சுப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விட்டிருக்கற வழி, கையெழுத்துப் போட முடியாதவங்களுக்கு. நெனப்பு இல்லாதவங்களுக்கு இல்ல. இதுல இன்னொரு வில்லங்கம்: பங்காளி யாராவது இந்தப் பத்திரத்தைக் கையில எடுத்தா மோசடிப் புகார் நம்ம மேலதான் பாயும்.

திருப்பிக் கேட்டா, மொத நாள் 'வேற பிராஞ்ச்ல குடுத்துப் பாருங்க'. அடுத்த நாள் 'மேனேஜர் லீவு'. அப்புறம் 'டாக்குமெண்ட் டெலிவரி ஆயிடுச்சு, சர்வீஸ் முடிஞ்சுது, ரீபண்ட் பாலிசியைப் படிங்க'. கடைசியா ஒரு மெசேஜ்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'. 48,500 ரூபாய்க்குத் தீர்வு அவ்வளவுதானாம்.

உண்மையான வழி ஆளுக்கு ஆளு மாறும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுல ஒண்ணு இருக்கற 18 வயசு தாண்டுன பிள்ளைன்னா, 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. நியமிச்ச 6 மாசத்துல சொத்துப் பட்டியல் குடுக்கோணும், வருஷா வருஷம் நிதியாண்டு முடிஞ்சு 3 மாசத்துல கணக்குக் காட்டோணும்.

பக்கவாதம், மறதி நோய், கோமா இதெல்லாம் அந்த நாலுல வராது. பழைய மனநலச் சட்டத்துல மாவட்டக் கோர்ட் சொத்துக்கு மேலாளர் போடற வழி இருந்துது. 2018-ல நடைமுறைக்கு வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை எடுத்துடுச்சு. அதுல இருக்கற 'நியமனப் பிரதிநிதி' வைத்தியத்துக்கு மட்டும், பேங்க்ல செல்லாது. ஆக, அரசியலமைப்புச் சட்டம் 226-ம் பிரிவுல, ஹைகோர்ட்டையே நேரா உத்தரவு போடச் சொல்லிக் கேக்கற ரிட் மனுதான் வழி. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் ஆளுங்க சென்னைக்குப் போகோணும். கரூர்க்காரங்களுக்கு மதுரைக் கிளை. கோமாவுல இருந்த கணவரோட சொத்தை விக்க மனைவியைக் காப்பாளராப் போட்டு 2024-ல சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டிருக்குது. அதுலயும் 50 லட்சத்தைக் கணவர் பேருலயே டெபாசிட் போட்டு வட்டியை எடுத்துக்கச் சொன்னாங்க. கோர்ட் எவ்வளவு கெடுபிடியாப் பாக்கும்னு 2019 கேரள ஹைகோர்ட் வழிமுறையைப் பாத்தாலே தெரியும்: நரம்பியல் டாக்டர் இருக்கற மெடிக்கல் போர்டு, தாசில்தாருக்குக் குறையாத அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரணை, 6 மாசத்துக்கு ஒருக்கா அறிக்கை. 21 நாளு, மைப்பெட்டி, பையன்! இதுல எங்கீங்க வருது?

எச்சரிக்கைன்னு நெறையச் சொல்லலாம்னு உக்காந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. காசு கேட்டா எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, உத்தரவுல யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. நோட்டரின்னு சொன்னான்னா போனை வெச்சுடுங்க. மனு போடறவங்க பொம்பளைங்கன்னா வருமானம் பாக்காம சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் உண்டு. எங்க ஆத்தா பேருலயே போட்டிருக்கலாம், 48,500 மிஞ்சியிருக்கும். ஏமாந்தாச்சுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிங்க. குடுத்த தொகை 5 லட்சத்துக்கு உள்ளன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல பீஸ் கிடையாது.

அந்தப் பத்திரத்தை எந்தப் பேங்க்லயும் மறுபடி நீட்டாதீங்க, கோவத்துல கிழிச்சும் போட்டுடாதீங்க. அந்தத் திட்டு மைதான் அவனுங்களுக்கு எதிரான சாட்சி. நாளைக் காலைல அதைத் தூக்கிக்கிட்டு ஈரோடு போறேன்.